எரிகிற வீட்டில் பிடுங்கினது

குன்றாண்டார்கோவிலுக்கு வருகிறவர்கள் முதலில் பார்க்க விரும்புவது அங்குள்ள நூற்றுக்கால் மண்டபத்தைத்தான். குன்றைக் குடைந்து செய்த சிவாலயத்தின் முன்னே, குதிரைகள் பூட்டிய தேரைப் போல அதைக் கல்லிலே சமைத்து நிறுத்தியிருக்கிறார்கள். 2025ஆம் வருஷம் பங்குனி மாதத்தில் ஒரு நாள் பிற்பகல், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அந்த மண்டபத்துக்குப் போயிருந்தோம். கல்வெட்டுகளில் வரும் 'இறையிலி' என்ற சொல்லுக்கு அர்த்தம் சொல்லிக் கொண்டிருந்தோம். இறை என்றால் வரி. இறையிலி என்றால் வரி நீக்கிய நிலம். நம் சீமையிலே பழைய கோயில் சுவர்களில் அடிக்கடி கண்ணில் படும் சொல் அது, என்று விளக்கிக் கொண்டிருக்கையிலேயே பிள்ளைகளின் கவனம் நழுவிவிட்டது. தூரத்தில் தைல மரத் தோப்புக்கு மேலே கருப்பாகப் புகை எழும்பிக் கொண்டிருந்தது.

"எங்க ஊருப் பக்கம் சார்!" என்று ஒரு பெண் எழுந்தாள். அனுமதி கேட்பதற்குக்கூட அவள் நிற்கவில்லை.

புதுக்கோட்டைச் சீமையின் தைல மரக் காடுகளை அறியாத நேயர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நாம் காடு என்று சொல்வது மேற்கு மலைகளில் உள்ளது போன்ற சோலை அன்று. செம்மண் பூமியில் வரிசை வரிசையாக நட்ட மரங்கள். அடியிலே உதிர்ந்த சருகும், சுருள் சுருளாக உரிந்த பட்டையும். அந்த இலையில் எண்ணெய் இருக்கிறது. கோடையில் அது காய்ந்து கிடக்கும்போது ஒரு பொறி போதும். அன்று அந்தப் பொறி எங்கிருந்து வந்தது என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. பாதையோரத்துப் புல்லில் பற்றியது என்றார்கள், பீடி என்றார்கள், வரப்புக் கொளுத்தியவர்கள் என்றார்கள். எதுவானாலும், நாம் போய்ச் சேருமுன் நெருப்பு காட்டைத் தாண்டி, காய்ந்த கொல்லையைத் தாண்டி, அந்தப் பெண்ணின் வீட்டு வைக்கோல் போரில் ஏறிவிட்டது. போரிலிருந்து கூரைக்கு எத்தனை தூரம்? பத்து முழம் இருக்கலாம். கீற்றுக் கூரை எரிவதற்கு ஒரு வெற்றிலை போடும் நேரம்கூட ஆகவில்லை.

பச்சைக் கிளைகளை ஒடித்து அடித்தார்கள். ஆழ்குழாய்க் கிணற்று மோட்டாரைப் போட்டார்கள். தீயணைப்பு வண்டியும் வந்தது. ஆனால் மண்பாதையில் திரும்பி உள்ளே நுழைவதற்குள் வேலை முடிந்துவிட்டது. கட்டியிருந்த இரண்டு ஆடுகள் போய்விட்டன. பசுமாட்டின் கயிற்றை அறுத்துவிட்ட கிழவியின் கை வெந்திருந்தது. பசு பிழைத்தது, ஆனால் மடியெல்லாம் கொப்புளம். மண்சுவர் நான்கும் கருகி நின்றன.

மனித உயிர் ஒன்றும் போகவில்லையே என்று அன்றிரவு எல்லோரும் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொண்டோம். அது பெரிய ஆறுதல்தான். ஆனால் மறுநாள் முதல் நாம் கற்றுக்கொண்ட பாடம் வேறு. உயிர் போன இடத்தில் சர்க்கார் விதி தெளிவாக இருக்கிறது. பிழைத்த இடத்தில்தான் சிக்கல்.

தேனி ஜில்லாவில் போடிக்கு மேலே குரங்கணி மலையில் 2018ஆம் வருஷம் மார்ச் 11ஆம் தேதி நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மலையேறச் சென்றவர்கள் காட்டுத் தீயில் சிக்கினார்கள். குரங்கணி ஜனங்கள் இருட்டிலே மேலே ஏறி, வெந்தவர்களைப் போர்வையில் கட்டித் தூக்கி வந்தார்கள். மறுநாள் விமானப் படையின் ஹெலிகாப்டர்கள் வந்தன. ஆஸ்பத்திரியில் காலமானவர்களையும் சேர்த்து 23 பேர் மாண்டார்கள். இறந்தவர் ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 4 லட்சம் ரூபாய் என்று ராஜ்ய சர்க்கார் அறிவித்தது. உயிருக்கு விலை உண்டா என்பது வேறு கேள்வி. பேரிடர் நிவாரண நிதியின் விதிகளில் எழுதியிருந்த தொகையும் அதுவேதான். புயல், வெள்ளம், வறட்சி, பூகம்பம் ஆகியவற்றோடு தீயும் அந்த விதிகளில் ஒரு பேரிடராக ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. ஆகையால் தீயில் வெந்தவன் தர்மம் கேட்கிறவன் அல்லன். அவனுக்கு அட்டவணையில் இடம் உண்டு.

அந்த அட்டவணையைத்தான் நாம் உட்கார்ந்து படித்தோம். 2022-23 முதல் 2025-26 வரைக்கு மத்திய சர்க்கார் வகுத்தது அது. அழிந்த குடிசைக்கு 8,000 ரூபாய். துணிமணிக்கு 2,500, பாத்திர பண்டத்துக்கு 2,500. செத்த கறவை மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000. மானாவாரிப் பயிர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழிந்திருந்தால் ஹெக்டேருக்கு 8,500; பாசனப் பயிருக்கு 17,000; அதுவும் இரண்டு ஹெக்டேர் வரைக்கும். குறை சொல்லிப் பயனில்லை. ஒரு காலத்தில் பயிரில் பாதி போனால்தான் பணம் என்று இருந்தது, 2015இல்தான் மூன்றில் ஒரு பங்கு என்று தளர்த்தினார்கள்.

நமது மாணவியின் வீட்டுக்கு இந்த அட்டவணையை வைத்துப் பாருங்கள். பசு செத்திருந்தால் 37,500 ரூபாய் கிடைத்திருக்கும். கிழவி கையைச் சுட்டுக்கொண்டு அதைக் காப்பாற்றினாள். ஆகவே அதன் பேரில் ஒன்றும் இல்லை. அது பிழைத்திருக்கிறது என்றால் அதற்குத் தீனி வேண்டும். வருஷத்துக்கென்று சேர்த்து வைத்த தீனி முழுவதும் போரோடு போய்விட்டது. வைக்கோல் போருக்கென்று ஒரு வரியை அட்டவணையில் தேடினோம்; நம் கண்ணில் படவில்லை. ஆடுகள் செத்ததற்குச் சான்று வேண்டுமாம். நியாயந்தான், சான்று இல்லாமல் யாரும் எத்தனை ஆடு வேண்டுமானாலும் செத்ததாகச் சொல்லலாம். ஆனால் பங்குனி வெயிலில் வெந்த ஆட்டை எத்தனை நாள் வைத்துக் காத்திருப்பது? அன்றிரவே புதைத்துவிட்டார்கள்.

கிராமத்து உத்தியோகஸ்தர்களைப் பற்றிக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. மறுநாள் காலையிலேயே ஒருவர் வந்தார். அரிசியும் வேட்டியும் சேலையும் வந்தன. அவர் குறிப்பெழுதும்போது கிழவிக்குத் தம் பையிலிருந்த தண்ணீரைக் கொடுத்ததையும் பார்த்தோம். ஆனால் அவர் கேட்டாக வேண்டியவற்றைக் கேட்டார்: குடும்ப அட்டை, ஆதார், பட்டா நகல், பாங்கிக் கணக்குப் புஸ்தகம். நான்கும் கூரையின் கீழ் ஒரு மஞ்சள் பையில் இருந்தவை.

"சட்டியும் பானையும் போனா வாங்கிக்கலாம் வாத்தியாரையா, நான் யாருன்னு சொல்ற காயிதமும்ல போச்சு" என்றாள் கிழவி.

இதற்கு வழி இல்லாமலில்லை. 2023ஆம் வருஷம் டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது, இழந்த சான்றிதழ்களைக் கட்டணமின்றித் திரும்பக் கொடுக்கச் சர்க்காரே முகாம் நடத்தியது. பட்டணமே முழுகினால் முகாம் போடுகிறார்கள். ஒரு வீடு எரிந்தால் அந்த வீட்டுக்காரன்தான் முகாமைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. நமது மாணவியின் தகப்பனார் கூலி வேலையை விட்டு எத்தனை நாள் கீரனூருக்கும் புதுக்கோட்டைக்கும் நடந்தார் என்பதை அவள் தன் நோட்டுப் புஸ்தகத்தின் பின்பக்கத்தில் கோடு போட்டு வைத்திருந்தாள். பதினொரு கோடுகள்.

இனி வரி விஷயத்துக்கு வருவோம். நாம் இந்தக் கட்டுரையை எழுத ஆரம்பித்ததே அதற்காகத்தான்.

நம் பாட்டன்மார் 'வஜா' என்ற வார்த்தையை நன்கு அறிவார்கள். மழை பொய்த்தாலும் பயிர் சாவியாகப் போனாலும், ஜமாபந்தியில் தீர்வையைத் தள்ளிக் கொடுப்பதற்கு அந்தப் பெயர். புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் அதற்கும் முன்னே அமானி முறை இருந்தது. விளைந்ததில் சர்க்காருக்கு ஒரு பங்கு. களத்து நெற்குவியலின் மேல் முத்திரை வைத்துக் காவல் போட்டுவிடுவார்கள். உழுதவன் தன் பங்கைத் தொடுவதற்கு முன் அதிகாரிகளின் வருகைக்காகக் காத்துக் கிடக்க வேண்டும். 1878இல் திவானாக வந்த அ. சேஷையா சாஸ்திரியார் அதன் ஊழல்களைக் கண்டு அதை ஒழித்து, பணத் தீர்வை ஏற்படுத்தினார். அவர் செய்தது நல்ல காரியமே. ஆனாலும் அந்தக் கெட்ட முறையில் ஒரே ஒரு நல்ல குணம் இருந்தது என்று நமக்குத் தோன்றுகிறது. களம் எரிந்தால் சர்க்காரின் பங்கும் சேர்ந்து எரியும். வஜா என்று மனுப் போட அவசியமே இல்லை.

1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. தீர்வை இன்று ஒரு பெரிய பாரமாக இல்லை. அப்படியானால் இன்று வஜா என்பது எங்கே இருக்கிறது? வருமான வரிச் சட்டத்தில் இருக்கிறது. பேரிடருக்காக மத்திய சர்க்காரோ ராஜ்ய சர்க்காரோ உள்ளூர் ஸ்தாபனமோ கொடுக்கும் நஷ்ட ஈட்டுக்கு வருமான வரி கிடையாது என்று 1961ஆம் வருஷச் சட்டத்தில் ஒரு விதியை 2007இல் சேர்த்தார்கள். முதன் மந்திரியின் நிவாரண நிதிக்குக் கொடுப்பவர்களுக்கும் வரிக் கழிவு உண்டு. இரண்டும் நல்ல விதிகளே. ஆனால் முதல் விதி, வருமான வரி கட்டுகிறவனுக்குப் பிரயோஜனப்படும். இரண்டாவது, கொடுக்கிறவனுக்குப் பிரயோஜனப்படும். வெந்த குடிசைக்காரன் இந்த இரண்டு பேரிலும் சேர்த்தியில்லை.

அதே 2025ஆம் வருஷம் ஜனவரி 7ஆம் தேதி அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் பெருந்தீ மூண்டு, தெருத் தெருவாக வீடுகள் சாம்பலாயின. அந்தக் கவுண்டியில் குடியிருப்பவர்கள் மத்திய வருமான வரிக் கணக்கை அக்டோபர் 15ஆம் தேதி வரை தாமதித்துக் கொடுக்கலாம் என்று சில நாட்களுக்குள்ளாகவே அங்குள்ள வரி இலாகா அறிவித்துவிட்டது. கலிபோர்னியாவில் வீட்டு வரிக்கும் ஒரு ஏற்பாடு உண்டு: 10,000 டாலருக்குமேல் சேதமானால், வீட்டுக்காரர் மனுச் செய்து வரி மதிப்பைக் குறைத்துக் கொள்ளலாம். நம் பழைய வஜாவின் தமக்கை என்று சொல்லத் தகும். ஆஸ்திரேலியாவில் 2019-20 கோடையில் காடுகள் எரிந்தபோது, தீப்பட்ட ஊர்களின் தபால் எண்களைப் பார்த்து வரி இலாகாவே தவணையை நீட்டியது. ஜனங்கள் மனுக்கூடக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. தபால் எண் நமக்கும் இருக்கிறதே என்று நினைத்துக் கொண்டோம்.

மேல் நாட்டார் செய்வதெல்லாம் நமக்குப் பொருந்தும் என்று சொல்வது நம் நோக்கமன்று. அங்கே வெந்தவன் வருமான வரியும் வீட்டு வரியும் கட்டுகிறவன். ஆகையால் அங்கே அந்த வரிகளில் சலுகை கொடுக்கிறார்கள். நம் குடிசைக்காரன் கட்டுகிற வரி எது என்று கண்டுபிடித்து, அதிலே சலுகை கொடுப்பதல்லவா அதற்கு ஈடு?

இதைக் கிழவியிடமே கேட்டோம். "எங்களுக்கு என்னங்கய்யா வரி? வீட்டு வரி பஞ்சாயத்துல கட்டுவோம். வஜா, தீர்வைன்னு எங்க அப்பாரு காலத்துல பேசிக்குவாக. இப்ப அதெல்லாம் இல்லீங்களே" என்றாள். அவள் நிஜமாகவே அப்படித்தான் நம்பினாள். நம்மில் படித்தவர்களிலும் பாதிப் பேர் அப்படித்தான் நம்புகிறோம்.

மழைக்காலம் நெருங்கியதும் அந்தத் தகப்பனார் இனிக் கீற்றே வேண்டாம் என்று தீர்மானித்தார். தைல மரக் காட்டோரத்தில் இருந்துகொண்டு மறுபடியும் கீற்று வேய்வது அறிவீனம் என்று நாமும் சொன்னோம். உறவு முறையில் கைமாற்று வாங்கி, ஐப்பசியில் சிமெண்டும் கம்பியும் கூரைத் தகரமும் வாங்கினார். கடைக்காரர் ஒழுங்கானவர், ரசீது போட்டுக் கொடுத்தார். சாமானின் விலை 50,000 ரூபாய். அதன்மேல் சரக்கு சேவை வரி நூற்றுக்கு 18 வீதம் 9,000 ரூபாய். அதிலே 4,500 மத்திய சர்க்காருக்கு, 4,500 ராஜ்ய சர்க்காருக்கு.

நேயர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். குடிசை எரிந்ததற்குச் சர்க்கார் கொடுப்பது 8,000. அந்தக் குடிசையைத் திரும்பக் கட்டுவதற்குச் சர்க்கார் வாங்கிக்கொண்டது 9,000. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்ற பழமொழியை நாம் திருடனைக் குறித்துத்தான் இதுவரை வழங்கி வந்தோம்.

ஒருவகையில் அவர் அதிர்ஷ்டசாலி என்றே சொல்ல வேண்டும். 2025 செப்டம்பர் 22ஆம் தேதிக்கு முன் சிமெண்டுக்கு வரி நூற்றுக்கு 28. எரிந்த உடனே கட்டியிருந்தால் இன்னும் அதிகமாகக் கொடுத்திருப்பார். அலைந்ததிலும் அந்தமட்டில் ஒரு லாபம்!

வரியைத் திருப்பிக் கொடுப்பது நடவாத காரியம் என்று யாராவது சொன்னால் நாம் ஒப்ப மாட்டோம். இந்தியாவில் உள்ள அந்நிய நாட்டுத் தூதராலயங்களும் ஐக்கிய நாடுகளின் ஸ்தாபனங்களும் இங்கே வாங்கும் சாமான்களுக்குக் கட்டிய வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளச் சரக்கு சேவை வரிச் சட்டத்தின் 55ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. அவர்களுக்கென்று ஒரு எண் கொடுத்து, ரசீதைப் பார்த்துப் பணத்தைத் திருப்புகிறார்கள். ஆகவே யந்திரம் தயாராக இருக்கிறது. தூதருக்கு உள்ள வசதியைத் தீப்பட்டவனுக்கும், அவன் வீடு கட்டும் ஒரே ஒரு தடவைக்கு மட்டும் கொடுங்கள் என்கிறோம். ரசீதைச் சேர்ப்பது ஏழைக்குக் கஷ்டம் என்றால், குடிசைக்குக் கொடுக்கும் தொகையோடு 'வரி வஜா' என்று ஒரு தொகையை ஆரம்பத்திலேயே கூட்டிக் கொடுத்துவிடலாம். எதிர்த் திசையில் நமக்கு ஏற்கெனவே பழக்கம் உண்டு. 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரள சர்க்கார், 2019 ஆகஸ்டு முதல் 2021 ஜூலை முடிய நூற்றுக்கு 1 வீதம் வெள்ள வரி என்று கூடுதலாக வசூலித்தது. பேரிடருக்காக ஒரு வரியைக் கூட்ட முடியுமானால், பேரிடருக்காகக் குறைக்கவும் முடியும்.

'வஜா வருகிறதென்று ஜனங்கள் தாங்களே வீட்டைக் கொளுத்திக் கொள்வார்கள்' என்று ஒரு நண்பர் நம்மிடம் ஆட்சேபித்தார். அவர் மாடி வீட்டில் இருக்கிறார்; வருமான வரிக் கழிவுகளில் ஒன்றையும் விட்டதில்லை. 9,000 ரூபாய்க்காக ஒருவன் தன் பட்டாவையும் பானையையும் மகளின் பாடப் புஸ்தகத்தையும் கொளுத்துவான் என்று நம்புகிறவர், கீற்று வீட்டில் ஒரு கோடை இருந்து பார்த்ததில்லை. மோசடிக்காரர் இருப்பார்கள் என்பது வாஸ்தவம். அதற்குத்தான் தீயணைப்பு நிலையத்தின் அறிக்கை இருக்கிறது.

பயிர் எரிந்தவர்களின் பாடு இன்னொரு தினுசு. 2016இல் வந்த பிரதம மந்திரி பயிர் இன்ஷூரன்ஸ் திட்டத்தில் இயற்கையாக மூண்ட தீயும் மின்னலும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. மின்னல் விழுந்தால் பணம் உண்டு; பீடி விழுந்தால் இல்லை. இந்தியாவில் காட்டுத் தீயில் மிகப் பெரும்பான்மை மனிதர் கையால் மூள்வது என்பது எல்லோரும் அறிந்தது. யாரோ முகம் தெரியாதவன் எறிந்த நெருப்பில் பயிரை இழந்தவன் என்ன குற்றம் செய்தான்? கடனிலும் இப்படியே. கொடிய பேரிடரில் அகப்பட்டவர்களுக்குக் கடனைத் திருப்புவதில் சலுகை காட்டச் சிபாரிசு செய்யலாம் என்று 2005ஆம் வருஷப் பேரிடர்ச் சட்டத்தில் 13ஆம் பிரிவு ஒன்று இருந்தது. 2025ஆம் வருஷத் திருத்தத்தில் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். வயநாட்டு நிலச்சரிவில் எல்லாம் இழந்தவர்களின் கடனைப் பற்றிக் கேரள ஹைகோர்ட்டில் விசாரணை நடந்துகொண்டிருந்த சமயத்தில் இது நடந்தது.

வீடு எழும்பிவிட்டது. சுவருக்கு இன்னும் பூச்சு இல்லை. பசுவின் மடி ஆறிற்று. ஒரு காம்பு வற்றிப்போயிற்று. வைக்கோலுக்குக் கொடுக்கப் பணமில்லாமல் கார்த்திகையில் அதை விற்றுவிட்டார்கள். குடிசைத் தொகை பாங்கியில் வந்து சேர்ந்தது. ஆட்டுத் தொகை, புதைத்த ஆட்டுக்குச் சான்று கேட்டபடியே நிற்கிறது. நமது மாணவி இப்போது தகரப் பெட்டி ஒன்று வைத்திருக்கிறாள். புதுப் பட்டா நகல், புது அட்டை, புதுச் சான்றிதழ்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலே சிமெண்டுக் கடை ரசீது.

"இதை வெச்சிருக்கணுமா சார்? எதுக்காச்சும் உதவுமா?" என்று கேட்டாள்.

வைத்திரு என்றோம். ஒரு நகல் எடுத்து, ஆட்டு மனுவோடு 'வரி வஜா வேண்டி' என்று தனியாக ஒரு மனுவும் எழுதி, அடுத்த திங்கட்கிழமை குறை தீர்க்கும் கூட்டத்தில் அவள் தகப்பனாரைக் கொண்டு ஜில்லா கலெக்டரிடம் கொடுக்கச் செய்தோம். இரண்டுக்கும் எண் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.